லாந்தர்ப் பூ முளைத்த சரிவு

தாராவி
15 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய முனைவர் மானசா வெங்கடராமன் அவர்களுக்கு,

நேற்று எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் ஆங்கிலப் பேப்பர் கிடந்தது. மூன்றாம் பக்கத்தில் உங்கள் படம். வாஷி நாக்கா குன்றின் சரிவில் மழைக்கோட்டோடு குந்தியிருக்கிறீர்கள். விரலுக்குப் பக்கத்தில் அந்தப் பூ. கர்ஜத் மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று நினைத்திருந்த செடி, செம்பூருக்குப் பின்னால் இருக்கும் குன்றிலேயே வளர்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களாம். பிப்ரவரியில் விருதாம். சரிவைப் பாதுகாக்க ஒரு குழுவாம், அதற்கு நீங்களே தலைவியாம். என்னோடு வேலை பார்க்கும் மெஹராஜ் டீச்சர், இவர் உன்னோடு படித்தவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மரியாதை இவ்வளவு போதும். இனி நீ என்றே எழுதுகிறேன்.

மானசா, அந்தச் செடிகளை அங்கே நட்டது நான்.

தாளைக் கிழிக்காதே, மீதியையும் வாசி. என் நம்பரை நீ போனில் அடைத்து வைத்திருக்கிறாய். மெயில் போட்டால் உன் மாணவர்கள் திறப்பார்கள். உன் கணவருக்கும் மகளுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று கேள்வி. அதனால்தான் தபால், அதனால்தான் தமிழ். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வந்து உன் கதவைத் தட்டலாம். உன் வீட்டு வாசலில் இனி நிற்பதில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

நாம் எம்.எஸ்ஸி படித்த இரண்டாம் வருடத்து மழைக்காலம் உனக்கு மறந்திருக்காது. கர்ஜத்தில் செருப்பு வார் அறுந்து நீ ஓடைப் பக்கம் உட்கார்ந்துவிட்டாய். நான் மேலே ஏறினேன். புல்லுக்கு நடுவில் ஒரு தண்டு, அதில் சின்ன லாந்தர் விளக்கு மாதிரி ஒரு பூ. அடியில் குடுவை, நடுவில் குழாய், உச்சியில் இதழ்கள் நுனியோடு நுனி சேர்ந்து ஒரு கூண்டு. நான் கூப்பிட்ட சத்தத்தில் வெறுங்காலோடு ஓடி வந்தாய். இது யாரும் பெயர் வைக்காத இனம் என்று சொன்னது நான். புத்தகத்தில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் என்றாய் நீ.

அதற்குப் பிறகு என் அம்மா சயானில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் லேபுக்கு வரவில்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது கட்டுரை அச்சாகியிருந்தது. உன் பெயர், நம் வழிகாட்டியின் பெயர். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் ‘களத்தில் உதவிய செல்வி ஜென்னி’. என் பெயர் ஜெனி. ஆராய்ச்சிக்கு ஓர் இடம்தான் இருந்தது. கட்டுரை எழுதியவளுக்கு அது கிடைத்தது. பூவுக்கு உன் அம்மாவின் பெயரை வைத்தாய். செரோபீஜியா விஜயலக்ஷ்மியே. எங்கள் லேப் சுவரில் தொங்கும் படத்தில் அந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறேன்.

நீ ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாணவர்களோடு அந்தக் குன்றுக்கு வருவாய் என்று எனக்குத் தெரியும். நட்டேன். காத்திருந்தேன். நீ கண்டாய், எழுதினாய், அச்சிட்டாய். இப்போது நான் வாயைத் திறந்தால் உன் கட்டுரை என்னவாகும் என்று நீயே யோசித்துக்கொள்.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். கர்ஜத்தில் அந்தப் பூவை முதலில் பார்த்தவள், புது இனம் என்று அடையாளம் சொன்னவள் ஜெனி ஞானசேகரன் என்று அதே பத்திரிகையில் உன் கையெழுத்தோடு வர வேண்டும். வராவிட்டால் விருது விழாவுக்கு நான் வருவேன்.

ஜெனி

•

மாட்டுங்கா
24 செப்டம்பர் 2024

ஜெனி,

தமிழில் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். டைப் அடித்தால் கம்ப்யூட்டரில் தங்கிவிடும் என்றுதான் கையால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உன்மேல் பரிதாபம் வந்தது. இத்தனை காலம் ஒருத்தி ஒரே பொறாமையை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்க முடியுமா என்று.

அந்தச் செடியை யாராலும் நட்டு வளர்க்க முடியாது. நான் பால்கனித் தொட்டியில் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு கிழங்கும் அழுகித்தான் போனது. தாவர இயல் படித்துவிட்டு ஜூனியர் காலேஜில் தவளை அறுக்கக் கற்றுக் கொடுக்கும் உனக்கு மட்டும் அது முளைத்ததா?

நீ பார்த்தாய் என்கிறாய். பார்த்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மலையில் ஆடு மேய்க்கிறவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். பூவைப் பிரித்து, லென்ஸின் கீழே வைத்து, ஒவ்வொரு மயிரையும் வரைந்து, உலகத்தில் இருக்கும் மற்ற எல்லா இனங்களோடும் ஒப்பிட்டு இது வேறு என்று நிரூபித்தது நான். பத்து மாதம் என் கண் போனது. அந்தப் பத்து மாதத்தில் ஒரு நாளாவது லேபுக்கு வந்தாயா?

உன் அம்மா போனதற்கு எனக்கு வருத்தம்தான். அதற்கு விலையாக என் வேலையைக் கேட்காதே. இனி எழுதாதே.

மானசா

•

தாராவி
29 செப்டம்பர் 2024

மானசா,

தொட்டியில் வைத்தால் அழுகும். எனக்கும் அழுகியது. அதற்குத் தொட்டி மண் ஆகாது. அடியில் பாறை வேண்டும், மேலே ஒரு சாண் மண் போதும், சுற்றிப் புல் வேர் வேண்டும், விழுந்த மழை நிற்காமல் ஓட வேண்டும். உன்னிடம் லென்ஸ் இருந்தது. நான் அது வளரும் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

சந்தேகம் இருந்தால் குன்றுக்குப் போ. பாதையின் இரண்டாவது வளைவில், தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் போகும் இடத்தில் மூன்று செடி. உன் கட்டுரையின் முதல் படம் அங்கே எடுத்ததுதான். எதையாவது ஒன்றைத் தோண்டு. கிழங்குக்குக் கீழே தேங்காய் நார் இருக்கும். தண்ணீர் வடியட்டும் என்று வைத்தேன். அந்தக் குன்றில் தென்னை மரம் கிடையாது.

என் அத்தை சவரியம்மாள் வீடு அந்தச் சரிவின் அடியில்தான். அவளைப் பார்க்கப் போகும் சாக்கில், மழை தொடங்கும் ஜூனில் இரண்டு வருடம் நட்டேன். அத்தை பின்னாலேயே வந்து பார்த்தாள். “என்ன கெழங்கு பிள்ள இது, திங்கதா?” என்று கேட்டாள். தின்னக் கூடாது அத்தை, விற்கவும் கூடாது என்றேன். அவளுக்கு நான் கிறுக்கச்சி.

உன் அம்மாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் உங்கள் வீட்டில் எனக்குக் காப்பி கொடுக்க ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அடியில் நசுங்கின டம்ளர். குடித்துவிட்டு நானே கழுவிப் பால்கனி ஜன்னலில் கவிழ்த்து வைக்க வேண்டும். நீ பார்த்துக்கொண்டு இருப்பாய். நான் கண்ட பூவுக்கு வைக்க உனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

ஜெனி

•

மாட்டுங்கா
20 அக்டோபர் 2024

ஜெனி,

தோண்டிப் பார்த்தேன். நார் இருந்தது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரையும் கூட்டிப் போகவில்லை. கையில் அந்த நாரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டுக்கொள்.

இன்னொன்றும் உனக்குச் சந்தோஷம் தரும். அம்மாவுக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. மேஜை மேல் இருந்த உன் இரண்டாவது கடிதத்தை எடுத்து வாசித்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச பூவுக்காடி என் பேரை வெச்சே?”

நான் லென்ஸ், வரைபடம், பத்து மாதம் என்று உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. “டம்ளரை நான்தான் தனியா வெச்சேன். நீ காலேஜ்ல படிச்சவதானே, வேண்டாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னியா?” என்றாள். பேரை எடுத்துவிடு, எனக்கு வேண்டாம் என்றாள். ஒரு தடவை முறைப்படி வெளியான பெயரை யாராலும் எடுக்க முடியாது, தப்பாக வைத்தாலும் அதுதான் நிற்கும், அதுதான் விதி என்று சொன்னேன். தான் செத்த பிறகும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டைக் கூடத் தன் ரூமுக்குக் கொண்டு போகச் சொல்கிறாள்.

என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாய். போதுமா?

நான் ஒன்று சொல்கிறேன். இந்தச் செடியைக் காட்டில் நட்டு வளர்க்கலாம் என்று நிரூபித்தவள் நீ. அதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. எங்கே நட்டாய் என்பதை மட்டும் வேறு இடமாகச் சொல்லிக்கொள்ளலாம். வாஷி நாக்கா வேண்டாம். கர்ஜத் பற்றிய பழைய விஷயத்தைக் கிளறினால் நம் வழிகாட்டியின் பெயரும் கெடும், அவர் இப்போது உயிரோடும் இல்லை.

ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். கர்ஜத்தில் இருந்ததே கொஞ்சம் செடி. முதலில் பார்த்தவள் நான் என்கிறாய். அதைத் தோண்டி எடுக்க உனக்கு எப்படிக் கை வந்தது?

மானசா

•

தாராவி
8 டிசம்பர் 2024

மானசா,

தோண்டும்போது எனக்கு வலித்தது. ஒரு கூட்டத்தில் ஒரு கிழங்குக்கு மேல் எடுக்கவில்லை. இருந்தாலும் எடுத்தேன். அது பாவம்தான். அதைச் சொல்லிக் காட்டும் தகுதி உனக்கு இல்லை.

உன் கட்டுரையில் பங்கு வேண்டாம். பொய்யில் பாதி கொடுக்கிறாய், அதுவும் முதல் பாதி. நான் கேட்டது உண்மை, நான் பிழைப்புக் கேட்கவில்லை.

விருது விழாவுக்கு மெரூன் கலரில் ஒரு புடவை எடுத்திருக்கிறேன். தாதரில் எடுத்தேன். கடைக்காரர் கல்யாணத்துக்கா என்று கேட்டார். அதைவிடப் பெரிது என்றேன்.

ஜெனி

•

மாட்டுங்கா
19 ஜனவரி 2025

ஜெனி,

புடவை வாங்கினவளுக்கு ஒரு செய்தி. உன் அத்தை சொல்லித் தெரிந்திருக்கும். என் வாயாலும் கேட்டுக்கொள்.

சரிவில் வேலி எங்கே போடுவது என்று குழுவிடம் வரைபடம் கேட்டார்கள். வரைந்தது நான். செடிகள் நிற்கும் இடத்தோடு வேலிக் கோட்டை நிறுத்தியிருக்கலாம். முதலில் அப்படித்தான் நிறுத்தினேன். பிறகு உன் டிசம்பர் கடிதம் வந்தது. மண் சரியாமல் இருக்கக் கீழேயும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று எழுதிக் கோட்டை இறக்கினேன். அந்தக் கொஞ்ச இடத்தில் நாற்பது வீடு இருக்கிறது. முதல் வரிசையில் உன் அத்தை வீடு. போன வாரம் எல்லாக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும்.

அத்தை வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொன்னது நீதான்.

ஒரு பூவை வைத்து என்னைக் கொல்லப் பார்த்தாய். அந்தப் பூ இப்போது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று போய்ப் பார்.

மானசா

•

தாராவி
2 பிப்ரவரி 2025

மானசா,

போய்ப் பார்த்தேன்.

நோட்டீஸ் மராத்தியில் இருந்தது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு நஜிமுதீன் பாய்தான் சத்தமாக வாசித்துச் சொன்னார். அரிய வகைப் பூச்செடி, பாதுகாக்கப்பட்ட சரிவு, ஆக்கிரமிப்பு என்று ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். அவருக்கும் அதே நோட்டீஸ்தான். சனங்கள் பாதையில் நின்றுகொண்டு மேலே சரிவைப் பார்த்தார்கள். இப்போது அங்கே காய்ந்த புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. செடி மண்ணுக்கு மேலே தெரியாத மாதம். எந்தப் பூ, எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அத்தை என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

“ஏட்டி, நீ நட்டியே ஒரு கெழங்கு, அதா இது?”

என் முகத்தைப் பார்த்தாள். அவள் புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். அவள் போட்டதைச் சாப்பிட முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வேலிக் கோட்டை மேலே ஏற்று. நீ இறக்கின கோடு, உன்னால் ஏற்ற முடியும். உனக்கும் எனக்கும் இருப்பது நமக்குள் இருக்கட்டும். அந்த நாற்பது வீட்டில் யாரும் உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

இதை மட்டும் கேட்கிறேன். இதைக் கெஞ்சல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஜெனி

•

மாட்டுங்கா
7 பிப்ரவரி 2025

ஜெனி,

ஏற்றுகிறேன். அதற்கு நீ ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். வாஷி நாக்கா குன்றில் நான் எதையும் நடவில்லை, முன்பு எழுதியதெல்லாம் பொறாமையில் எழுதிய பொய், கர்ஜத்தில் அந்தச் செடியை இனம் கண்டதில் எனக்குப் பங்கில்லை. இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுது. உன் கையெழுத்து வேண்டும்.

கடிதம் வந்த அன்றே வரைபடம் மாறும்.

தராமல் விழாவில் எழுந்து பேசலாம் என்று நினைத்தால், பேசு. என் பேர் போகும், உன் வேலையும் போகும். காட்டிலிருந்து அரிய செடியைத் தோண்டியது குற்றம் என்று உனக்குத் தெரியும். அரசாங்க உதவி பெறும் கல்லூரி உன்னை வைத்துக்கொள்ளாது. வீட்டில் உன் ஒருத்தி சம்பளம்தான் என்றும் எனக்குத் தெரியும்.

விழா இருபத்திரண்டாம் தேதி.

மானசா

•

மாட்டுங்கா
16 மார்ச் 2025

ஜெனி,

கடிதத்துக்காகக் கடைசி நாள் வரைக்கும் தபால் பெட்டியைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்றுதான் நம்பினேன்.

மேடையிலிருந்து உன்னைப் பார்த்துவிட்டேன். நீ சொன்ன மெரூன் புடவை இல்லை. காலேஜுக்குக் கட்டுகிற காட்டன் புடவை. கடைசி வரிசையில் உன் அத்தையும் அந்தக் குன்றுக்காரர்களும். என் பெயரைக் கூப்பிட்டதும் நீ எழுந்தாய். முதலில் ஆங்கிலத்தில் சொன்னாய். பிறகு, பின்னால் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, அதையே இந்தியில் சொன்னாய். இந்தச் செடி இங்கே தானாக வளரவில்லை, கர்ஜத்திலிருந்து திருடிக்கொண்டு வந்து நட்டவள் நான், இவர்கள் வீட்டை இடிக்க இது காரணம் ஆகாது என்று சொன்னாய். பிளாஸ்டிக் பையிலிருந்து நாரோடு கிழங்கை எடுத்து மேஜை மேல் வைத்தாய். தோண்டின இடத்தையும் நட்ட இடத்தையும் போனில் தேதியிட்ட படங்களாகக் காட்டினாய்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கர்ஜத், அந்த நன்றி வரி, எதையும் சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் பழைய பகை, பைத்தியம் என்று உன்னைத் தள்ளியிருப்பேன். பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நீ அதற்கு இடமே கொடுக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. குழுவைக் கலைத்துவிட்டார்கள். விருதை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். சோதித்துப் பார்க்காமல் அச்சிட்டவள் என்று டிபார்ட்மென்டில் எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். என் கீழே ஆராய்ச்சி செய்த இரண்டு பேர் வேறு வழிகாட்டிக்கு மாறிவிட்டார்கள். அக்டோபரிலேயே எனக்குத் தெரியும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. காட்ட வேண்டுமானால் காட்டு.

உன்னைச் சஸ்பெண்ட் செய்ததாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்கு மனசு ஆறும் என்று நினைத்தேன். அன்று ஒரு நாள் ஆறியது.

மானசா

•

தாராவி
6 ஏப்ரல் 2025

மானசா,

சஸ்பெண்ட் உண்மை. கேஸும் உண்மை. வக்கீல் வெயிலுமுத்து, கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும் என்கிறார். ஒத்துக்கொள்வேன். வீட்டில் பயாலஜி டியூஷன் எடுக்கிறேன்.

நோட்டீஸை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாற்பது வீடும் நிற்கிறது.

உன் கடிதங்களை யாரிடமும் காட்டமாட்டேன். உனக்காக இல்லை. வேலிக் கோட்டை வேண்டுமென்றே கீழே இறக்கினவள் நீ என்று அத்தை வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால், உன்னைத் தேடி மாட்டுங்காவுக்கு வருவார்கள். பிறகு அவர்கள் மேல் ஒரு கேஸ். அது எனக்கு வேண்டாம்.

இனி எழுத ஒன்றும் இல்லை.

ஜெனி

•

மாட்டுங்கா
7 செப்டம்பர் 2025

ஜெனி,

எழுத ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டாய். எனக்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை குன்றுக்குப் போனேன். மே மாதம் நடந்த முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் ஏற முடிவதில்லை. நீ நட்ட இடம் வரைக்கும்தான் போக முடிந்தது. பூத்திருந்தது. வேலி இல்லை, யாரும் பிடுங்கவும் இல்லை. அங்கே உட்கார்ந்து கேமராவில் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவுக்கு மேலே செங்குத்தாக ஒரு கறுப்புப் பாறை இருக்கிறதே, அதன் இடுக்கில், புல் நுனிகளுக்கு நடுவே, இரண்டு மூன்று லாந்தர். லென்ஸை முழுதாக இழுத்துப் பார்த்தேன். அதே பூதான்.

அங்கே எப்படி வந்தது? நீ ஏறி நட்டிருக்கலாம். கர்ஜத்தில் ஏறினவள்தானே நீ. இல்லையென்றால் உன் செடியின் விதை பஞ்சோடு பறந்து அங்கே ஒட்டியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், ஜெனி, அது எப்போதும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். நமக்கு முன்னால், நம் இரண்டு பேரையும் அறியாமல். அப்படியானால் நான் எழுதியது பொய் இல்லை. இடம் தப்பு, விஷயம் சரி.

நான் யாரையும் அனுப்ப முடியாது. என் பேச்சை நம்பி இப்போது யாரும் மலை ஏறமாட்டார்கள். உன்னால் முடியும். கிழங்கைத் தொட்டுப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். விதையில் முளைத்த சின்னக் கிழங்கா, நீ வைத்ததா, வருஷக்கணக்கில் பாறைக்குள் தடித்த பழைய கிழங்கா என்று.

இதை அச்சில் போடமாட்டேன். மறுபடி வேலி வரும், வீடுகளுக்கு நோட்டீஸ் வரும் என்று எனக்கும் தெரியும். அம்மாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். அம்மா இப்போது கொஞ்சம் பேசுகிறாள். நேற்று, அந்தக் குன்றில் நான் கண்டது நிஜம்தானா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வரி போதும். பூ உதிர்ந்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் அந்தச் செடியைக் கண்டுபிடிக்க முடியாது.

கர்ஜத் கட்டுரையில் உன் பெயர் வராமல் செய்தது நான். அதை இப்போது எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் எழுதித் தருகிறேன்.

மானசா

•

தாராவி
21 செப்டம்பர் 2025

மானசா,

உன் கடிதம் வந்த வாரமே போனேன். அத்தை வேண்டாம் என்றாள், பாறை வழுக்கும் என்றாள். அவள் சேலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, பின்பக்க இடுக்கு வழியாக ஏறினேன். ஏறியபோது மழை இல்லை. இறங்கும்போது பெய்தது. முழங்கை இரண்டும் தேய்ந்துவிட்டது.

நீ பார்த்தது அதே பூதான். கேமராவில் உனக்குத் தெரிந்ததைவிட அதிகம் இருக்கிறது.

ஒரு செடியின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இடுக்கில் விரலை விட்டு மண்ணை விலக்கிக் கிழங்கைத் தொட்டேன். சுற்றித் தடவிப் பார்த்தேன். அப்புறம் மண்ணை மூடி, புல்லைச் சரி செய்துவிட்டு இறங்கினேன். சந்தேகம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

உனக்குச் சொல்லமாட்டேன்.

நான்தான் நட்டேன் என்று பொய் எழுதிவிடலாம். எழுதினால் நீ ஒரு வாரம் அழுவாய், பிறகு தூங்கிவிடுவாய். ஆதியிலிருந்தே அங்கே இருக்கிறது என்று எழுதினாலும் நீ தூங்கிவிடுவாய். அம்மாவிடம் போய்ச் சொல்வாய். அவள் உன் தலையில் கை வைப்பாள்.

அத்தை வீட்டைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எழுதினால் நான் நல்லவளாகத் தெரிவேன். அது காரணம் இல்லை. அச்சில் போடமாட்டேன் என்று நீ சத்தியம் செய்ததை நம்புகிறேன். இந்தத் தடவை நீ உண்மையாகத்தான் கேட்கிறாய் என்றும் தெரிகிறது. தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறேன்.

என் பெயரை எழுதித் தருகிறேன் என்கிறாய். திரும்பப் பெற்ற கட்டுரைக்காரியின் கையெழுத்தை வைத்து நான் என்ன செய்ய? போன வருடம் இதே மாதம் ஒரு வரிதான் கேட்டேன்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் நீ அந்தக் குன்றின் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பாய். நான் இங்கே டியூஷன் எடுத்துக்கொண்டு இருப்பேன்.

ஜெனி ஞானசேகரன்